கியூபெக் பாடம்

நேற்று மழையில், விருத்தாசலத்தில் இடிந்துகிடக்கும் சூளைக் கொட்டகையைத் தாண்டும்போது அடித்த களிமண் வாசனையில், அங்கே பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டே அம்மா எனக்குக் கியூபெக் பாடம் நடத்திய சாயங்காலங்கள் திரும்பின. அப்பா வேலைக்குப் போயிருந்த கனடா மாகாணம் அது. பிரெஞ்சுக்காரர்கள் குடியேறிய கதை, பனி கொட்டும் மாதங்கள், ஆறு எல்லாவற்றையும் நான் ஒப்பிக்க வேண்டும்.

"அப்பா நம்மள அழச்சிக்கினு போனா, அங்க நீ முழிக்கக் கூடாதுடி."

ஒருநாள் அப்பா போனில் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. அங்கே அவருக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது, நாங்கள் வரவேண்டாம். அம்மா போனை வைத்துவிட்டுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள்.

"அந்த ஆத்துப் பேரு என்னா?"

"செயின்ட் லாரன்ஸும்மா."

"சத்தமா சொல்லு."

கொட்டகையே திரும்பிப் பார்க்க, அவள் அழுவது யாருக்கும் கேட்டுவிடாதபடி நான் கத்திக்கத்திச் சொன்னேன்.