கலாஃபோ, கஸாலாவின் மகன்

இருபத்திரண்டு வருஷம் பக்கத்துப் பக்கத்துக் கடை. நான் கெண்டை மீன் விற்கிறேன். அவர் ஆலிவ் காயும் ஊறுகாயும் விற்றார். ஹைஃபா சந்தையில் அவருக்கு 'உசுரு' என்றுதான் பெயர். யாரைப் பார்த்தாலும் "வா, என் உசுரே" என்பார். கடையைக் காலி செய்யச் சொல்ல வந்த அதிகாரியையும் அப்படித்தான் அழைத்தார். நான் ஐரோப்பிய யூதர்களின் யித்திஷ் மொழி பேசும் வீட்டில் வளர்ந்தவன். பெயர் தெரியாத ஆளை எங்கள் வீட்டில் 'ரெப் யீத்' என்போம், ஐயா என்கிற மாதிரி. அதை வைத்தே ஓட்டிவிட்டேன். முதல் வருஷமே பெயரைக் கேட்டிருக்கலாம். ஐந்து வருஷம் ஆன பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

செவ்வாய்க்கிழமை மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஊறுகாய்ப் பீப்பாய்மேல் சாய்ந்தார். ஆம்புலன்ஸில் ஏற்றினோம். சனிக்கிழமை ஜெப ஆலயத்தில் அவர் குணமாக வேண்டிக்கொள்ள வேண்டும். அதற்கு ஆளின் பெயரும் தாயின் பெயரும் வேண்டும். சந்தை முழுக்கக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

"உசுருன்னு சொன்னா கடவுளுக்குப் புரியாதா?" என்றாள் முட்டைக்காரி ஸிம்ஹா.

"கடவுளுக்குப் புரியும்மா. பேரை வாசிக்கிற மனுஷனுக்குப் புரியணுமே!"

வெள்ளிக்கிழமை காலை, கடையைப் பாதியில் சாத்திவிட்டு, இந்தப் பாழாய்ப்போன முழங்காலோடு இரண்டு பஸ் மாறி மருத்துவமனைக்குப் போனேன்.

"யாரைப் பாக்கணும், தங்கம்?" என்றாள் வரவேற்பில் இருந்த பெண். அறுபத்தெட்டு வயதில் நான் தங்கம்.

"ஆலிவ் காய் விக்கிறவரு..."

"காயை வச்சு ஆளைத் தேட முடியாது. பேரு?"

"எல்லாரையும் உசுரே உசுரேன்னு..."

"அட, அவரா! ஸ்ட்ரெச்சர்ல போகும்போதே 'என்னைக் கட்டிக்கிறியா, உசுரே'ன்னாரு. மூணாவது மாடி."

முகம் வெளுத்துக் கிடந்தார். "என் உசுரே, மீனை யார்கிட்ட விட்டுட்டு வந்தே?"

"மீன் எங்கயும் ஓடிடாது. ரெப் யீத், உங்க பேரு என்ன?"

"கலாஃபோ. அம்மா பேரு கஸாலா. இத்தனை வருஷமா தெரியாதா?"

"தெரியாது." வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

"சரி விடு. உன் பேரு என்ன?"

அடப்பாவி மனுஷா! "ஸான்வில்."

இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "வாயில நிக்கமாட்டேங்குது. நீ உசுராவே இரு."

சனிக்கிழமை பெயரைக் கொடுத்தேன், வாசித்தார்கள். சந்தையில் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் போய்விட்டார்.

புதன்கிழமை காலை சந்தைச் சுவரில் கறுப்புக் கட்டம் போட்ட இரங்கல் தாளை ஒட்டியிருந்தார்கள். முழுப் பெயரும் கொட்டை எழுத்தில் இருந்தது. ஜனங்கள் படித்துவிட்டு, காய்கறி வாங்கப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் நிற்கவில்லை. எனக்கு ஐஸ் உடைக்கக் கை வரவில்லை.

ஸிம்ஹா படித்தாள். "யாரோ கலாஃபோவாம், பாவம்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நம்ம உசுரு எப்ப வர்றாரு? வீட்ல ஆலிவ் தீந்துபோச்சு."

மீன் விலை எழுதும் மைப்பேனாவை எடுத்துப்போய் அந்தப் பெயருக்குக் கீழே 'நம்ம உசுரு' என்று எழுதினேன்.

அவள் அப்படியே முட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதாள். சற்று நேரம் கழித்து ஏப்ரன் துணியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அண்ணே, உங்க பேரு என்ன? இப்பவே சொல்லிடுங்க."