கைப்பைக்குள் மடித்து வைத்த சீருடை

தென் லண்டன் மருத்துவமனை ஒன்றின் வார்டுகளைப் பதினோரு ஆண்டுகள் துப்புரவு செய்தேன். முதல் ஆறு ஆண்டுகள், நான் போகும் தமிழர் கோயிலில் அதை எவரும் அறிந்திருக்கவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பட்டதாரி ஆசிரியையாகவும் உப அதிபராகவும் இருந்தவள் இங்கே மருத்துவமனைக் கந்தோரில் அலுவலக வேலை பார்ப்பதாகவே எண்ணியிருந்தார்கள், நான் திருத்தவில்லை. காலையில் சேலையும் கோட்டும் அணிந்து லூயிஷாமில் பஸ் ஏறுவேன். நீலச் சீருடை கைப்பைக்குள் மடிந்திருக்கும்.

ஆறாம் ஆண்டின் முடிவில் துப்புரவு ஒப்பந்தம் வெளிநாட்டு நிறுவனமொன்றின் கைக்கு மாறியது. வார்டுக்கு இருவர் என்பதை இனி ஒருவராக்க வேண்டும் என்று, நாங்கள் கண்டேயிராத தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது. எங்களில் பாதிப் பேருக்கு வேலை போய்விடும். யாழ்ப்பாணத்தவர், கானா நாட்டவர், கொலம்பியர் எனப் பதினெட்டுப் பெண்கள் கூடி, ஆங்கிலத்தில் ஆட்சேபக் கடிதம் எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். பிழையின்றி எழுதினேன். கீழே 'துப்புரவுப் பணிப்பெண்கள்' என்று மட்டும் இட்டேன்.

பெயரில்லாத கடிதத்துக்குப் பதில் இல்லை என்று மேலாளர் திருப்பித் தந்தார்.

உடைமாற்றும் அறையில் எங்கள் யாழ்ப்பாணத்தவருள் இளையவள், இரண்டு பிள்ளைகளின் தாய், கேட்டாள்:

"டீச்சர், வடிவாத்தான் எழுதியிருக்கிறியள். ஆனா மொட்டைக் கடிதம் எல்லோ! உங்கடை பேரை ஒளிச்சு வைச்சு எங்கடை வேலையைக் காப்பாத்த ஏலுமே?"

"பேர் எண்டால் உனக்கு விளையாட்டோ?"

"பேரைப் போட்டுச் சோறு காய்ச்ச ஏலாது, டீச்சர்."

தமிழ் விளங்கியவர்கள் சிரித்தார்கள். வகுப்பறையாயின் வெளியே நிறுத்தியிருப்பேன். ஆனால் மொட்டைக் கடிதங்களை வாசிக்காமலே கிழித்தெறிந்த உப அதிபர் நான். கடிதத்தின் அடியில், ஒப்பமிடும் இடத்தின் முதல் வரியில் என் முழுப் பெயரை எழுதினேன். பட்டத்தையும் சேர்த்தே எழுதினேன். மற்றப் பதினேழு பேரும் அதன் கீழே ஒப்பமிட்டார்கள்.

அதற்கும் பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை, வேலை தொடங்குமுன், சீருடையோடு பிரதான வாசலில் கோரிக்கை எழுதிய அட்டையும் ஆதரவுக் கையெழுத்துத் தாளும் பிடித்து நின்றோம். கண் கிளினிக்குக்கு வந்த, கோயில் தலைவரின் மனைவி என்னைக் கண்டு நின்றுவிட்டார்.

"டீச்சர்... நீங்கள் கந்தோரிலை எல்லோ?"

"இல்லை. வார்டு கூட்டித் துடைக்கிறன். ஓராளாலை ஏலாது எண்டு சொல்லத்தான் நிக்கிறம். ஒரு கையெழுத்து வையுங்கோ."

கண்ணாடியைத் தேடியெடுத்து ஒப்பமிட்டார். பிறகு தாழ்ந்த குரலில், "கோயிலிலை ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றார்.

"சொல்லுங்கோ. சொல்லி, அவையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

வெள்ளிக்கிழமைதோறும் நின்றோம். ஆறாவது வெள்ளிக்குப் பின் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஒப்பந்தத்தில் அதே உத்தரவு மறுபடி வரும் என்று அறிந்தே கடிதத்தின் பிரதியைப் பத்திரப்படுத்தினோம். ஓய்வு பெறும்வரை நான் சீருடையை வீட்டிலேயே அணிந்து பஸ் ஏறினேன்.