வரைபடத்தில் திருப்பதி வீடு

சொந்த ஊர் எது என்று கேட்டால் பிரகதீஸ்வரி "கீரமங்கலம் பக்கம்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். ஊர்ப் பெயரைச் சொன்னால் அது எங்கே இருக்கிறதென்று விளக்க வேண்டும். விளக்கி முடிப்பதற்குள் கேட்டவர் செல்போனுக்குள் போயிருப்பார். இத்தனைக்கும் ஊர்களை வரைபடத்தில் காட்டுவதுதான் அவள் தொழில்.

அப்பா திருப்பதி மல்லிகையும் சம்பங்கியும் போடுகிற விவசாயி. அம்மா ராஜலட்சுமி விடிவதற்கு முன்பே பூவைப் பறித்து உள்ளூர் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக்குக் கொண்டுபோவாள். ஒரே மகளை அந்தப் பக்கமே விடாமல் படிக்க வைத்தார்கள். அவளும் கட்டடக் கலை படித்து, அது போதாதென்று நகரமைப்பு என்று இன்னொன்றும் படித்து முடித்தாள். அது என்ன படிப்பு என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கெல்லாம் திருப்பதி ஒரே பதிலை வைத்திருந்தார்.

"நகரத்தை எப்புடி அமைக்கிறதுன்னு படிப்பு."

"எந்த நகரத்தைண்ணே?"

"அதை கெவர்மெண்டு சொல்லும்."

கெவர்மெண்டு இன்னும் சொல்லவில்லை. திருச்சியில் ஒரு தனியார் அலுவலகத்தில் ஒப்பந்தச் சம்பளத்துக்குக் கணினி முன் உட்கார்ந்து, யாரோ எப்போதோ அமைத்துவிட்ட நகரங்களில் தெருவிளக்குகளைப் புள்ளி வைத்துக் காட்டுவதுதான் அவள் வேலை. மேலதிகாரிக்கு அவள் பெயர் சரியாக வராது. பிரகல்யா என்பார், சில நாள் பிரசன்னா. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் அவள் வேறு ஆள். இளம் நகரமைப்பாளர் தன்னார்வ வலையத்தின் புதுக்கோட்டை மாவட்ட ஒருங்கிணைப்பாளர்.

படித்து முடித்துச் சில வருடங்களே ஆன நகரமைப்பாளர்கள் மாவட்டந்தோறும் கூடி, சம்பளம் வாங்காமல் ஊருக்கு உழைப்பதற்காக ஏற்படுத்திக்கொண்டது அந்த வலையம். மக்களைக் கேட்காமல் ஒரு கோடுகூடப் போடக் கூடாது என்பது அதன் கொள்கை. புதுக்கோட்டைக் கிளையில் விரல்விட்டு எண்ணக்கூடிய உறுப்பினர்கள். ஒருவன் துபாய்க்குப் போய்விட்டான். ஒருத்தி கல்யாணமாகிப் பெங்களூரில் இருந்தபடி வாட்ஸப் குழுவில் கைதட்டுவாள். நடமாட்டத்தில் இருந்தது பிரகதீஸ்வரியும், கீரனூரிலிருந்து தினமும் திருச்சிக்குப் பஸ் ஏறுகிற செயலாளர் ஷர்லியும்தான். கூட்டங்கள் என்னவோ ஒழுங்காக நடந்தன. "மக்கள் பங்கேற்பே மாற்றத்தின் வழி" என்று பேனர் கட்டினார்கள். மைக் வந்தது, நாற்காலி வந்தது, சமோசா வந்தது. மக்கள் வரவில்லை.

இப்படியே காலம் ஓடியிருக்கும். திருச்சிக் கிளையின் அரவிந்த்குமார் மண்டலப் பொறுப்புக்கு வந்ததும் ஒரு செய்தி அனுப்பினான். இந்த வருடம் பொதுமக்களை வைத்து ஒரு கருத்துக்கேட்பாவது நடத்தாத கிளைகள் பக்கத்து மாவட்டக் கிளையோடு இணைக்கப்படும். கருத்துக்கேட்பை அவனே நேரில் வந்து பார்ப்பான்.

ஷர்லி போன் பண்ணினாள். "திருச்சியோட இணைச்சா இணைச்சுட்டுப் போறாங்க. எனக்கு நல்லதுதான், தெனம் போற ஊரு."

"ஒனக்கு நல்லதுடி. எனக்கு? அவன் ஆன்லைன் மீட்டிங்ல ஒரு மூலையில ஒக்காந்து 'ஆடிபிள், கேக்குது'ன்னு டைப் பண்ணிக்கிட்டு இருக்கணுமா?"

"இப்ப மட்டும் நமக்கு யாரு டைப் பண்றா?"

பிரகதீஸ்வரி போனை வைத்துவிட்டாள். இதுவும் போனால் மிச்சம் தெருவிளக்குதான் என்பதை ஷர்லியிடம்கூடச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சரி, சொந்த ஊரிலேயே நடத்திவிடுவோம் என்று ஊருக்கு வந்து அம்மாவிடம் சமுதாயக் கூடத்தைப் பற்றி விசாரித்தாள்.

"ஆடி மாசத்துலயா?" ராஜலட்சுமி சிரித்தே விட்டாள். "ஊரே மொய் விருந்துல கெடக்குது. எவடி ஒன் கூட்டத்துக்கு வருவா?"

அந்தப் பக்கத்தில் ஆடியும் ஆவணியும் அப்படித்தான். பல வீட்டார் சேர்ந்தோ ஒரு வீட்டார் தனியாகவோ பந்தல் போட்டு, ஊருக்கெல்லாம் பத்திரிகை வைத்து, கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள். செய்தவர் வீட்டு முறை வரும்போது வாங்கியவர் போய்த் திருப்பிச் செய்ய வேண்டும், கொஞ்சம் கூடுதலாக. காய்ச்சல், கால் முறிவு எதுவும் காரணமாகாது. திருச்சித் தோழிகளிடம் பிரகதீஸ்வரி வாயே திறக்காத விஷயங்களில் இது முதலாவது. இந்த ஆடியில் முறை திருப்பதிக்கு.

அவள் அழைக்காமலே ஊரும் சுற்றுவட்டாரமும் ஓரிடத்தில் கூடுகிறது. நகரமைப்புப் பாடத்தில் இதை ஒரு வாய்ப்பு என்பார்கள். அவள் அப்பாவிடம் போய் நின்றாள்.

"பந்தல்ல ஒரு ஓரமா நானும் ஒரு மேசை போட்டுக்கிறேன்ப்பா."

"மொய் எழுதவா?"

"கருத்துக் கேக்க. ஊருக்கு என்ன வேணும், எங்க வேணும்னு."

"பந்திக்கு முந்தியா, பிந்தியா?"

பந்திக்கு முந்தி என்று முடிவானது. ஓட்டு வீடு, மாடி வீடு வரை குறித்து, மேசை அகலத்துக்கு ஊரின் வரைபடத்தை அச்சடித்துக்கொண்டு வந்தாள். வந்தவர்கள் தமக்கு எந்த வசதி எந்த இடத்தில் வேண்டுமோ அங்கே வண்ணப் புள்ளி ஒட்ட வேண்டும். பச்சை என்றால் பூங்கா, நீலம் என்றால் குடிநீர், சிவப்பு என்றால் பொதுக் கழிப்பறை. படத்தின் மூலையில் விளக்கமும் அச்சாகியிருந்தது. புள்ளி ஸ்டிக்கர் வாங்க மறந்துபோன ஷர்லி, வரும் வழியில் ஃபேன்சி ஸ்டோரில் மூன்று நிறத்திலும் நெற்றிப் பொட்டு அட்டைகளை அள்ளிக்கொண்டு வந்திருந்தாள்.

விருந்தன்று காலையிலேயே பந்தல் நிறைந்துவிட்டது. மேசை வெறுமையாக இருக்கிறதே என்று திருப்பதி தன் கையாலேயே சந்தனக் கிண்ணமும் குங்குமமும் கல்கண்டும் உள்ள தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அது வண்ண விளக்கத்தின் மேல் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. நிற்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த பிரகதீஸ்வரி அதைக் கவனிக்கவில்லை.

முதலில் வந்தவள் மார்க்கெட்டில் பூக்கட்டும் பொன்னுத்தாய். சந்தனம் தொட்டுக்கொண்டு படத்தை எட்டிப் பார்த்தாள்.

"என்னாத்தா இது, ரங்கோலியா?"

"நம்ம ஊருதான் அத்தை. மேல இருந்து பாத்தா இப்படித்தான் இருக்கும்."

"அப்புடியா! ஒங்க வீடு எங்கிட்டு இருக்கு?"

திசை பிடிபடட்டும் என்று பிரகதீஸ்வரி வடக்குத் தெருவில் தன் வீட்டை விரலால் காட்டினாள். பொன்னுத்தாய் அட்டையிலிருந்து ஒரு சிவப்புப் பொட்டை உரித்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக, அந்த வீட்டின் மேல் ஒட்டினாள்.

"ஐயோ, அப்படி இல்லத்தை. எந்த எடத்துல வசதி வேணுமோ அங்க..."

"அதான்டி. ஒங்க வீட்டுக்கு எல்லா வசதியும் வரட்டும். எங்க விருந்துக்கு ஒங்கப்பா மொத ஆளா வந்தாருல்ல."

பின்னால் நின்றவர்களுக்கு முறை விளங்கிவிட்டது. வந்தார்கள், சந்தனம் பூசினார்கள், திருப்பதி வீடு எது என்று கேட்டார்கள், பொட்டு வைத்தார்கள், பந்திக்குப் போனார்கள். கமிஷன் கடை மூக்கன் தன் பங்குக்கு ஒன்று, வராத சம்சாரத்துக்கு ஒன்று என்று இரண்டாக வைத்தார். பச்சையையும் நீலத்தையும் தொட ஆளில்லை. நல்ல காரியத்தில் யார் பச்சைப் பொட்டு வைப்பார்கள்? பிரகதீஸ்வரி ஒவ்வொருவரிடமும் விளக்கிப் பார்த்தாள். அவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு அதே இடத்தில் ஒட்டினார்கள். ஒட்டிவிட்டு, "அப்பாட்ட சொல்லிரு, நான் வந்து வச்சேன்னு" என்று நினைவூட்டவும் செய்தார்கள். ஓர் ஊரே பங்கேற்றிருந்தது. பங்கேற்பின் பலனாக வடக்குத் தெரு முழுவதும் அம்மை போட்டதுபோல் சிவந்து கிடந்தது.

அப்போதுதான் அரவிந்த்குமார் காரிலிருந்து இறங்கினான். கூட்டத்தைப் பார்த்தான், வரிசையைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். கருத்துக்கேட்பு என்றால் நாலு பேரையும் ஒரு நாயையும் பார்த்துப் பழகியவன், நேராகப் பிரகதீஸ்வரியிடம் வந்தான்.

"இவ்வளவு தெளிவா ஜனங்க ஒரே எடத்தைக் காட்டி நான் பாத்ததே இல்லங்க. ஒங்க கிளைதான் இனி மாடல். இணைப்புப் பேச்சே கெடையாது."

பிரகதீஸ்வரி வாயைத் திறந்தாள். ஷர்லி மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தாள். வாய் மூடிக்கொண்டது. ஒரு பாராட்டு காதுக்குள் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரமாவது இருக்கட்டுமே என்று அவளுக்கே தோன்றியதை மறைப்பதற்கில்லை.

போட்டோ எடுப்பதற்காக அவன் சந்தனத் தட்டை நகர்த்தினான். அடியிலிருந்த விளக்கத்தைப் படித்தான். பெரிய உண்மையைக் கண்டவனைப்போல் போட்டோவை எடுத்த கையோடு நேராக மைக்கிடம் போய்விட்டான்.

"அன்பார்ந்த பெரியோர்களே! நீங்க எல்லாரும் ஒரே குரல்ல கேட்டது பொதுக் கழிப்பறை. எடமும் நீங்களே காட்டியிருக்கீங்க. வடக்குத் தெரு, தண்ணித் தொட்டிக்கு எதுத்தாப்ல, ஓட்டு வீட்டுக்கு அடுத்த மாடி வீடு இருக்குற எடம். இதை நாங்க நிச்சயமா..."

பந்தியில் மெல்லும் சத்தம் நின்றது. கறி வாளியோடு நின்றிருந்த திருப்பதி கரண்டியை உள்ளே போட்டார்.

"அது என் வீடுய்யா."

மூக்கன் இலையிலிருந்து எழுந்தே விட்டார். "எவன்டா அண்ணன் வீட்டுல கக்கூசு கேட்டது? சோத்தைத் தின்னுட்டு..."

"நீருதான் ரெண்டு பொட்டு வச்சீரு!" என்றாள் பொன்னுத்தாய்.

"அது கக்கூசுன்னு எனக்கென்ன தெரியும்? நீ வச்ச, நான் வச்சேன்!"

விருந்துக்கு வந்து, விருந்து போட்டவர் வீட்டை ஊருக்குக் கழிப்பறையாக்கிவிட்டோம் என்பது புரிந்ததும் பந்தலே எழுந்தது. கழுவிய கையும் கழுவாத கையுமாக மேசையைச் சூழ்ந்து பொட்டுகளைப் பிய்க்கத் தொடங்கினார்கள். அரவிந்த்குமார் மைக்கிலேயே கத்தினான்: "தொடாதீங்க! டேட்டா! டேட்டாவைக் கலைக்காதீங்க!"

பிய்த்த பொட்டு விரலில் ஒட்டிக்கொண்டு நின்றது. அதை எங்கேயாவது வைத்தாக வேண்டும்.

"மார்க்கெட்டுக்குப் பின்னாடி வைங்க" என்றாள் பொன்னுத்தாய்.

"என் கடைக்குப் பின்னாடியா? நாத்தத்துல எவன் வந்து பூ எடுப்பான்?"

"விடியாம வந்து ஒக்காந்து பூக்கட்டுறோமே, அப்ப நாங்க எங்கிட்டுப் போறதாம்? அதை என்னைக்காவது கேட்டீரா?"

"அதையெல்லாம் பந்தியில பேசுவியா நீயி?"

"பின்ன எங்க பேச? ஒங்க கடையில பேசினா கட்டக் குடுக்குற பூவைக் கொறைச்சுல்ல போடுவீரு!"

ராஜலட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தன் வீட்டின் மேலிருந்து ஒரு பொட்டை எடுத்து, மூக்கன் கடைக்கும் வாய்க்காலுக்கும் நடுவே அழுத்தி ஒட்டினாள். "இங்கதான். இத்தனை வருசமா கருவக்காட்டுக்குள்ள பாம்பைப் பாத்துப் பாத்துப் போய்ட்டு வர்றோம்." மகளைப் பார்க்காமலே சொன்னாள். மகளுக்கு அது புதுச் செய்தி. மார்க்கெட் பக்கமே விடாமல் வளர்த்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு வாய்க்கால் பக்கம் வேண்டாம் என்றொரு கட்சி, பஸ் நிற்கிற இடத்தில் வைக்கலாம் என்றொரு கட்சி. தண்ணீர் யார் விடுவது, சாவி யாரிடம் இருப்பது, கழுவ ஆள் உண்டா என்று கேள்விகள் கிளம்பின. நீலப் பொட்டுகூடச் சிலர் கேட்டார்கள்.

அரவிந்த்குமார் அவளைத் தனியே இழுத்தான். "இப்பவே நிறுத்துங்க. மொதல்ல இருந்த படத்தை நான் போட்டோ எடுத்துட்டேன். அதை வச்சு ஒங்க கிளையைக் காப்பாத்திரலாம். இது இப்படியே போனா, 'மக்கள் எதிர்ப்பு, கூட்டம் கலைந்தது'ன்னுதான் நான் எழுத முடியும்."

"சரின்னு சொல்லுடி" என்றாள் ஷர்லி. "ஒரு வார்த்தை."

பிரகதீஸ்வரி மேசையைப் பார்த்தாள். படத்தில் கறிக்குழம்பு சிந்தியிருந்தது. ஒருவர் கையை ஒருவர் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். மூக்கன் தன் கடையை உள்ளங்கையால் மூடி வைத்திருந்தார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் வெற்று நாற்காலிகளைப் பார்த்து அவள் விளக்கிய மக்கள் பங்கேற்பு இதுதான்போலும். பாடப் புத்தகத்தில் இத்தனை சத்தம் போட்டிருக்கவில்லை. பயமாகத்தான் இருந்தது. புதிய அட்டை ஒன்றைப் பிரித்துக் கையை உயர்த்தினாள்.

"யாருக்கு இன்னும் பொட்டு வேணும்?"

இணைப்புக் கடிதம் அந்த வாரமே வந்தது. புதுக்கோட்டைக் கிளை திருச்சியோடு சேர்ந்தது. பிரகதீஸ்வரி சாதாரண உறுப்பினர் ஆனாள். அரவிந்த்குமார் எடுத்த போட்டோ மட்டும் வலையத்தின் பக்கத்தில் ஏறி ஏகப்பட்ட கைதட்டல் வாங்கியது: "மக்கள் ஒருமனதாகக் காட்டிய இடம்." துபாய்க்காரன்கூட இதயம் போட்டிருந்தான். திருப்பதி மகளோடு சில நாள் பேசவில்லை. பேசியபோது, "இனிமே மேசை போட்டீன்னா, அதுல நம்ம வீட்டை வரையாத" என்றார்.

கழிப்பறைக்கு இடத்தை நீங்களே பேசி முடித்துக்கொண்டு வாருங்கள், மனுவை எடுத்துக்கொள்கிறோம் என்று ஊராட்சியில் சொல்லியிருந்தார்கள். அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை மூக்கன் கடைக்குப் பின்னால் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தபோது பிரகதீஸ்வரியின் செல்போன் அடித்தது.

"யாருத்தா?" என்றார் சுவரோடு சுவராக நின்றிருந்த மூக்கன்.

"திருச்சி. மக்கள் பங்கேற்பு பத்தி இன்னைக்குக் கூட்டம்."

"போக வேண்டியதுதான? போயிட்டு மெதுவா வா."

"நீங்க டேப்பைப் பிடிங்க சித்தப்பா."

"இங்கிட்டு இழுக்காத. சுவரு என்னோடது."

"சரி, அங்கிட்டே பிடிங்க. நீங்களே பிடிங்க."

மூக்கன் பிடித்தார், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. பொன்னுத்தாய் கட்டிக்கொண்டிருந்த பூவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.