கௌதள்ளியில் நுழையாத கேசட்

பிளாஸ்டிக்கில் சூடான கம்பி இறங்கும்போது எழும் வாசனை எனக்கு இன்றைக்கும் கோடை விடுமுறையின் வாசனைதான். மைசூர் என்.ஆர். மொகல்லாவில், எங்கள் தெருமுனையில் ரேடியோவும் இஸ்திரிப் பெட்டியும் விற்றுக்கொண்டிருந்த சிவண்ணா, தொண்ணூறுகளின் நடுவில், டிவியோடு இணைத்து விளையாடும் ‘டிவி கேம்’ செட்டும் அதில் செருகும் கேசட்டும் விற்கத் தொடங்கியிருந்தார். அம்மா ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த பைக் பந்தய கேசட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையில் சால்டரிங் கம்பியை எடுத்து, அதன் அடிவிளிம்பில் அரிசிமணி அளவுக்கு ஒரு பள்ளத்தை உருக்கினார். புதுச் சாமானைக் கண்ணெதிரே சுடுகிறாரே என்று அம்மா பதற, அது ‘சேஃப்டி லாக்’ என்றும், எங்கள் செட்டின் வாய்க்குள் இந்தப் பள்ளத்துக்குப் பொருந்தும்படி ஒரு முளையை ஒட்டியிருப்பதாகவும், ஒவ்வொரு செட்டுக்கும் முளை வேறு வேறு இடத்தில் இருப்பதால் கேசட்டை எவன் திருடிக்கொண்டு போனாலும் அவன் வீட்டில் அது நுழையவே நுழையாது என்றும் விளக்கினார். கடைசியில் ‘அல்வா?’ என்று கேட்டார். கன்னடத்தில் அதற்கு ‘இல்லையா’ என்று பொருள். ஊரிலிருந்து வரும் எங்கள் சொந்தக்காரர்கள், இந்த ஊரில் எல்லாரும் பேச்சை முடித்ததும் இனிப்பு தருவார்கள் போலிருக்கிறது என்று கொஞ்ச நேரம் காத்திருந்து ஏமாறுவார்கள்.

டிவி கேமைத் திருட எந்தத் திருடனும் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை. ஆனாலும் பூட்டு என்று சொன்னால் அம்மாவுக்குப் பிடித்துவிடும். வெறும் பருப்பு டப்பாவுக்கும் பூட்டு வாங்கியவர் அவர். பூரித்துப்போய், கௌதள்ளியிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்த தன் தங்கை செல்வி சித்தியையும் அதே கடைக்கு அழைத்துப்போய் ஒரு செட் வாங்க வைத்தார்.

அந்த விளையாட்டு எனக்கும் தம்பிக்கும் என்றுதான் வாங்கப்பட்டது. முதல் வாரத்திலேயே அது அம்மாவுடையதாகிவிட்டது. ஊதுபத்தி கம்பெனியில் நாள் முழுக்கப் பாக்கெட் போட்டுவிட்டு வரும் அம்மா, முகம் கழுவி, விளக்கேற்றி, அடுப்பில் சோற்றை வைத்துவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்காருவார். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத அவர், திரையில் பைக் இடப்பக்கம் வளைந்தால் தானும் இடப்பக்கம் சாய்வார். கூர்மையான வளைவு வந்தால் பக்கத்தில் இருப்பவர் மடியிலேயே விழுவார். ஷிப்ட் முடிந்து பாயில் படுத்திருக்கும் அப்பா, இரண்டு முறை அப்படி இடிபட்ட பிறகு, தலையணையைத் தூக்கிக்கொண்டு சமையலறை ஓரத்துக்குப் போய்விட்டார். எங்கள் ‘வட்டாரா’வில், அதாவது ஒரே முற்றத்தைச் சுற்றியிருந்த ஆறு வீடுகளில், அம்மாவை முந்த ஆள் இல்லாமல் போயிற்று. எஸ்.டி.டி. பூத்திலிருந்து கௌதள்ளிக்குப் பேசும்போதெல்லாம், சித்தியின் மாமியார் உடம்பு எப்படி என்று கேட்டு முடிப்பதற்குள், எத்தனையாவது ரவுண்டை எட்டிவிட்டேன் என்பதற்கு அம்மா வந்துவிடுவார். வந்து ஓட்டிக் காட்டேன் என்று சித்தி கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

மே மாதத்தில் போனோம். கொள்ளேகாலில் பஸ் மாறி, அனூர் வழியாகக் கௌதள்ளி போய்ச் சேரும் வரைக்கும், கேசட்டைக் கைக்குட்டையில் சுற்றி அம்மா மடியிலேயே வைத்திருந்தார். பையில் போட்டால் சாவிக்கொத்து கீறிவிடுமாம். சித்தப்பா டிவியைத் தூக்கி வந்து வாசலைப் பார்த்து வைத்திருந்தார். காட்டு வேலை முடித்துத் திரும்பியவர்கள் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்தார்கள். மைசூரிலிருந்து ‘பைக் ஓட்டுறவங்க’ வந்திருப்பதாகச் செய்தி பரவி, முற்றம் நிறைந்துவிட்டது. அம்மா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து கேசட்டைச் செட்டில் வைத்து அழுத்தினார். அது இறங்கவில்லை.

திருப்பி வைத்துப் பார்த்தார். ஊதிவிட்டு வைத்துப் பார்த்தார். செட்டைத் துணியால் துடைத்தோம். சித்தப்பா தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து விளிம்பில் தடவினார். கூட்டத்தில் ஒரு பெரியவர், இது மைசூர் கரண்டுக்குப் பழகினதாக இருக்கும், நம்ம கரண்டை ஒத்துக்கொள்ளாது என்று தன் தீர்ப்பைச் சொன்னார். சித்தப்பா கடைசியில் மரச்சுத்தியலைத் தேடிப் போக, அம்மா கேசட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்குச் சிவண்ணாவின் பூட்டு நினைவுக்கு வந்தது. செட்டுக்குள் விளக்கடித்துப் பார்த்தால், சித்தி வீட்டு முளை வலது ஓரத்தில் இருந்தது. எங்கள் கேசட்டின் பள்ளமோ இடது ஓரத்தில்.

கூட்டம் கலைந்தது. யாரும் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் அம்மா பதிலுக்கு ஏதாவது சொல்லித் தேறியிருப்பார். சித்திதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரொம்ப அன்பாக, “பரவாயில்ல உடுக்கா, நீ ஓட்டுவேன்னு நாங்க நம்பறோம்” என்றார். அந்த ஒரு வார்த்தையை அம்மாவால் தாங்க முடியவில்லை. இரண்டு நாள் தங்குவதாகப் போனவர்கள் மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டோம்.

வீட்டுக்குக்கூடப் போகாமல், பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே சிவண்ணா கடைக்கு நடந்தோம். இஸ்திரிப் பெட்டி ரிப்பேருக்கு ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். அம்மா கேசட்டை மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னார். சிவண்ணா சுற்றி வளைக்கவில்லை. திருடன் கதையை அவரே விட்டுவிட்டார்.

“அக்கா, உங்க வட்டாராவுல ஆறு வீடு. முன்னாடியெல்லாம் யாரோ ஒருத்தர் ஒரு கேசட்டு வாங்குவாங்க, அது ஆறு வீடும் சும்னே சுத்தி வரும். அப்புறம் அடுத்த தெருவுக்குப் போகும். நான் கடையைத் தொறந்து வெச்சுட்டு யாருக்கு விக்கிறது? எனக்கும் ரெண்டு பொண்ணு படிக்குதல்லவா?”

அவர் குரலில் ஏமாற்றுக்காரனின் குழைவு இல்லை. பல மாதமாக யாராவது கேட்கமாட்டார்களா என்று வைத்திருந்த பேச்சு மாதிரி இருந்தது. அம்மா கொஞ்சம் தடுமாறியது எனக்குத் தெரிந்தது. ஆனால் முந்தைய நாள் முற்றம் அவர் கண்ணுக்குள் இருந்திருக்க வேண்டும்.

“வித்ததுக்குப் பொறவு அது என்ற கேசட்டுங்க, சிவண்ணா” என்றார். “என்ற தங்கச்சி ஊட்டுல நான் ஆடறதுக்கு உங்க பூட்டு எதுக்குங்க குறுக்க நிக்குது?” பிறகு வாசலில் நின்ற அவருடைய மொபெட்டைக் காட்டினார். “அது பால்காரரு கிட்ட வாங்குனதுதானுங்க? கம்பெனிக்காரன் அதுலயும் இப்படி ஒரு முளைய வெச்சு, மொதல்ல வாங்குனவரத் தவிர யாரும் ஏறக்கூடாதுன்னிருந்தா, நீங்க கடைக்கு எப்படி வருவீங்க?”

இஸ்திரிப் பெட்டிக்காரர் திரும்பி மொபெட்டைப் பார்த்தார். பால்காரர் தன் மகள் பெயரைச் சிவப்பு மையில் அதன் முன்பக்கத்தில் எழுதியிருந்தது அழியாமல் இருந்தது. இரண்டு வருடமாகச் சிவண்ணா ‘பாக்யா’ மேல் ஏறித்தான் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டிக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றினார். சிவண்ணாவும் மொபெட்டைப் பார்த்துவிட்டு, செட்டைக் கொண்டுவரச் சொன்னார். தம்பி ஓடிப்போய் எடுத்து வந்தான். சிவண்ணா மன்னிப்பு என்றெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை. குறடை எடுத்து முளையைப் பிடித்து இழுத்தார். அது வாயோரத்தையும் கொஞ்சம் பெயர்த்துக்கொண்டு வந்தது. செட்டைத் திருப்பித் தரும்போது, ஆடி முடித்த கேசட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காமல் தன் கடைக்குக் கொண்டுவந்தால், சிறு கூலி வாங்கிக்கொண்டு வேறு பழைய கேசட் தருவதாகவும், அதுவாவது தனக்கு மிஞ்சட்டும் என்றும் சொன்னார். வட்டாராவின் மற்ற ஐந்து வீட்டையும் கேட்காமலேயே அம்மா சரி என்றார்.

ஜெயித்துவிட்டுத் திரும்பும் குதூகலம் அம்மாவிடம் இல்லை. தெருவில் நடந்தபடியே கேசட்டைக் கைக்குட்டையில் சுற்றினார். பிறகு, “அந்தாளு சொல்றதும் ஞாயந்தான்” என்றார். “எரிஞ்சு போன ஊதுபத்திய யாரும் அடுத்த ஊட்டுக்குக் குடுக்க முடியாது. அதனால எங்க கம்பெனி ஓடுது. அவரு பொழப்பு அப்படியில்லியே.” சண்டை போட்ட ஆளின் பக்கத்தை, சண்டை முடிந்த கையோடு இவ்வளவு சரியாக எடுத்துச் சொன்னவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. காசு கொடுத்து வாங்கியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாமா என்ற இந்த விவகாரத்தைப் பத்திரிகைகளில் இன்று நீள நீளமாக எழுதுகிறார்கள். இரண்டு தரப்பு வாதத்தையும் நான் அந்தத் தெருவிலேயே கேட்டு முடித்துவிட்டேன்.

முளை போன செட்டின் வாய் அகன்றுவிட்டதால், கேசட் ஆடிக்கொண்டே இருந்தது. மூங்கில் பத்திக் குச்சி ஒன்றை ஒடித்து அம்மா இடுக்கில் செருகினார். அது நழுவினால் திரையில் பைக்கும் சாலையும் கட்டம் கட்டமாகச் சிதறும். சிவண்ணா கடையில் ‘ஹளே கேசட்’ என்று பழையதற்குத் தனியாக ஓர் அலமாரி வந்தது. முன்பு வாங்கியவர் பெயரைப் பேனாவால் கிறுக்கிய கேசட்டுகள் அதில் அடுக்கியிருக்கும். புதுசைவிட அதற்குத்தான் கூட்டம். மற்றவர்களின் முளைகளையும் அவர் பிடுங்கித் தந்தார். சித்தப்பா மஞ்சள் மூட்டையோடு செட்டையும் எடுத்துக்கொண்டு மைசூர் மண்டிக்கு வந்தபோது சித்தி வீட்டு முளையும் போயிற்று.

தசரா விடுமுறையில் அம்மா மறுபடியும் கௌதள்ளிக்குப் புறப்பட்டார். அதே முற்றம், அதே கூட்டம். இந்தத் தடவை கேசட் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அம்மா ஓட்டினார், கூட்டமும் அவரோடு சேர்ந்து இடமும் வலமுமாகச் சாய்ந்தது. நல்ல ஓட்டம்தான். முடித்துவிட்டுப் பெருமையோடு ரிமோட்டைச் சித்தியிடம் நீட்டினார். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்த சித்தி, துளியும் சாயாமல், கல்லு மாதிரி இருந்தபடியே ஓட்டி, அம்மா எட்டிய ரவுண்டைத் தாண்டி இரண்டு ரவுண்டு போய்விட்டு, அடுப்பில் குழம்பு தீய்கிறதென்று பாதியில் எழுந்து போனார்.

கேசட்டைச் சித்தி வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தோம். கொள்ளேகால் தாண்டியதும் அம்மா பஸ் ஜன்னல் பக்கம் திரும்பினார். அப்புறம் யாரிடமோ சொல்வதுபோல, “சிவண்ணா அந்தப் பூட்ட எடுக்காம இருந்திருக்கலாம்” என்றார்.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கதவு போட்ட மருந்துக்கடை இருக்கிறது. கேசட்டுகளும் போயின, அவற்றை மாற்றிக்கொடுத்த அலமாரியும் போயிற்று. போன மாதம் சித்தியின் பேரன் எங்கள் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்திருந்தான். என் மகன் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தான். முடித்ததை அந்தப் பையனுக்குக் கொடுத்தனுப்பேன் என்று அம்மா சொன்னார். கொடுக்க முடியாது பாட்டி, அது என் கணக்கில் மட்டும்தான் ஓடும், கையில் எடுத்துக் கொடுக்கிற பொருளே கிடையாது என்று மகன் பொறுமையாக விளக்கினான். காசு கொடுத்து வாங்கியதுதானே என்று அம்மா கேட்டார். ஆமாம் என்றான். அம்மா சேலைத் தலைப்பை எடுத்துச் செருகிக்கொண்டார்.

“கடை எங்கடா இருக்குது?”

மகன் சிரித்துக்கொண்டே காற்றில் பொதுவாக ஒரு பக்கம் கையைக் காட்டினான். அம்மா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே எங்கள் வீட்டுச் சுவர்தான் இருந்தது.