தினமும் நிமிர்த்திய வண்டி

மாரெட்பள்ளியில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி முதலாளி இருந்தார். அவருடைய வெளிநாட்டு எஸ்.யு.வி.யை ஓட்டிய டிரைவரை என்னால் மறக்க முடியவில்லை. ஒல்லியான மனிதர், காதோரம் நரை, இஸ்திரி குலையாத வெள்ளைச் சட்டை.

விடிந்ததும் வந்துவிடுவார். ஸ்பிரிங்குக்குப் பதிலாக வண்டியைத் தாங்கும் காற்றுப்பையில் ராத்திரி முழுக்கக் காற்று இறங்கி, வண்டி வலது பின்சக்கரத்தின் மேல் சாய்ந்து கிடக்கும். எஞ்சினை ஓடவிட்டு, தூங்கும் குழந்தையை எழுப்புவதுபோல் அந்தப் பக்கத்தைத் தட்டிக்கொண்டே நிற்பார். வண்டிக்குள் இருக்கும் கம்ப்ரஸர் முனகிப் பைக்குள் காற்றடிக்க, வண்டி மெல்ல எழும். முதலாளி வரும்போது நேராக நிற்கும்.

“முதலாளிகிட்ட சொல்லிடுங்களேன்,” என்றேன் ஒருநாள்.

“நக்கோ சார், வேணாம். முன்னாடி இருந்த டிரைவர் சொன்னான். நீதான் பள்ளத்துல விட்டிருப்பேன்னு அவனை அனுப்பிட்டாரு.”

ஒரு காலை வண்டி எழவேயில்லை. மெக்கானிக் வந்து சோப்புத் தண்ணீர் தெளித்தார். காற்றுப்பையின் ஓரத்தில் கடுகளவு குமிழிகள் கிளம்பின. ஆரம்பத்திலேயே பையை மாற்றியிருந்தால் போதும், தினமும் காற்றடித்து அடித்துக் கம்ப்ரஸரும் எரிந்துவிட்டது என்றார். முதலாளி சாவிக்குக் கை நீட்டினார்.

கொடுத்துவிட்டு டிரைவர் என்னிடம் வந்தார். “நான் தினமும் நிமிர்த்தித்தானே சார் வெச்சேன்?”

போகிற வழியில், பழக்கத்தில், வலது பின்பக்கத்தைத் தட்டக் கையை நீட்டினார். தொடாதே என்று முதலாளி தெலுங்கில் அதட்டினார். அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், கேட் வரைக்கும் அதை முன்னால் நீட்டியபடியே போனார்.