ஃபியூஸ் கட்டை யாரிடம் இருக்க வேண்டும்

பிள்ளைகளே, நான் ஐ.டி.ஐ. வரைக்கும்தான் படித்தேன். செஞ்சியில் கரண்ட் லைன் வேலை செய்யும் ஒப்பந்தக் குழு ஒன்றுக்கு நான் பொறுப்பு. கம்பத்தில் ஏறுகிறவர்தான் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கழற்றிய மூன்று பீங்கான் ஃபியூஸ் கட்டைகளையும் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் தெரியாமல்கூட யாரும் கீழிருந்து கரண்ட் விட முடியாது.

போன வருடம் ஒரு பெண் குழுவில் சேர்ந்தாள். மூன்று மாதம் அவளை டீ வாங்கத்தான் அனுப்பினார்கள். நானும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். அது என் தப்பு. ஒருநாள் மண்டகப்பட்டுப் பக்கம் அவளை ஏறச் சொன்னேன். மூத்த லைன்மேன் கட்டைகளைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

“கட்டைய குடுங்கண்ணே,” என்றாள் அவள்.

“இன்னாத்துக்கு? எங்கனா போட்டு உடைப்பே.”

“எங்கிட்ட இல்லாம ஏற மாட்டேன்.”

“பார்யா, இதுக்கு நம்ம மேல நம்பிக்கை இல்லையாம்,” என்றார் அவர். குழுவில் இருந்த மற்ற இரண்டு ஆண்களும் சிரித்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அப்ப நீங்க ஏறுங்கண்ணே. கட்டை அவகிட்ட இருக்கட்டும்.”

அவர் சிரிப்பு நின்றது. “பொம்பள கைல என் உசிரக் குடுக்கச் சொல்றியா?”

“அவ உசிரு மட்டும் உங்க பைல இருக்கலாமா?”

அவர் கட்டைகளைத் தரையில் எறிந்தார். அவள் பொறுக்கி, விரிசல் இல்லை என்று பார்த்துவிட்டு ஏறினாள்.

அன்றிலிருந்து அவர்கள் மூவரும் என்னோடும் அவளோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. நான் சமாதானம் பேசப் போகவில்லை. ஏறுகிறவர் கையில் கட்டையைக் கொடுக்காதவருக்கு என் குழுவில் வேலை இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன்.