கரி என்று தேய்த்தது

கடலூர் தேவனாம்பட்டினத்துக் கலியமூர்த்தி சுனாமிக்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. படகு மோட்டார் பிளக்கில் படியும் கரியை உப்புத்தாளால் தேய்த்தே பெயரெடுத்தவர், ஒரு ரசாயன ஆலையில் பாய்லர் ஃபிட்டராகச் சேர்ந்தார்.

2009இல் பாய்லரைப் பற்றவைக்கப் புது இக்னைட்டர் வந்தது. அதன் முனை கன்னங்கரேலென்று இருந்தது. கரிதான் என்று நினைத்துவிட்டார். படகு மோட்டாரில் இருபது வருட அனுபவஸ்தர் யாரையாவது கேட்பாரா? வெளுக்கும்வரை தேய்த்து மாட்டினார். பாய்லர் பற்றவேயில்லை.

அதை விற்ற நிறுவனம் சிதம்பரத்திலிருந்து மோகனப்பிரியா என்ற இளம் பொறியாளரை அனுப்பியது. அவள் கழற்றிப் பார்த்தாள்.

"முனையில கறுப்பா செமிகண்டக்டர் பூச்சு இருக்கணும் சார். அதுமேலதான் தீப்பொறி ஓடும். இதுல பூச்சே இல்ல."

"பூச்சே இல்லாத சரக்கையா எங்க தலையில கட்டுனீங்க?" மேனேஜர் எல்லார் முன்னாலும் அவளைக் கிழி கிழியென்று கிழித்தார்.

கலியமூர்த்தியின் சட்டைப்பையில் உப்புத்தாள் துருத்திக்கொண்டிருந்தது. அவள் அதை ஒரு கணம் பார்த்தாள். அவர் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை, மானங்கெட்ட மனுஷன்.

"நாளைக்கு வேற கொண்டாரேன் சார்" என்றாள் அவள்.

மறுநாள் புது இக்னைட்டரை அவர் கையில் கொடுத்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்: "இதையாவது தேய்க்காம மாட்டுங்கண்ணே."